ஏழாம் எண்

காலை ஐந்தே காலுக்கு ஆரம்பித்தால்
பதினெட்டுத் தும்மல்.
எதிர் ஃபிளாட் வசுமதி
அதைக் கேட்டுத்தான் பால் அடுப்பைப் பற்றவைப்பாள்.
ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை கிடையாது.

கீழ்ப்பாக்கத்து டாக்டர் சுகிர்தா
என் முன்கையில் பேனாவால் பன்னிரண்டு எண்கள் எழுதி
பக்கத்தில் ஒவ்வொரு சொட்டு விட்டு
ஊசிமுனையால் தொட்டார்.
இருபது நிமிடம் சொறியக் கூடாது.
சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை!

பூனை ஒன்றும் செய்யவில்லை.
வேலிக்காத்தான் மகரந்தம் லேசாகச் சிவந்தது.
கரப்பான், எதிர்பார்த்ததுதான்.
ஏழாம் எண் மட்டும்
கொழுக்கட்டை மாதிரி எழுந்து நின்றது.

"தூசி உண்ணி. கண்ணுக்குத் தெரியாது.
நீங்க உதிர்க்கிற தோலைத் தின்னுட்டு
உங்க மெத்தையிலேயே குடியிருக்கும்.
தண்ணிகூட வேண்டாம்,
இந்த ஊர்க் காத்துல இருக்கிற ஈரமே போதும்."
மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நிற்பவளுக்கு
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.
பதினோரு வருடமாகத் தனியாகப் படுக்கிறேன் என்றல்லவா
நினைத்துக்கொண்டிருந்தேன்.

புரசைவாக்கத்தில் மூன்று கடை ஏறினேன்.
முதல் கடை இலவம்பஞ்சு.
வாசலிலேயே இரண்டு தும்மல், உள்ளே போகவில்லை.
அடுத்ததில் தென்னை நார்,
'முற்றிலும் இயற்கை' என்று அட்டை தொங்கியது.
உண்ணியும் இயற்கைதானே என்றேன்.
கடைக்காரர் ஃபேனை என் பக்கம் திருப்பவே இல்லை.

மூன்றாவதில் சகாயம் என்று ஒரு பையன்.
"படுத்துப் பாருங்க மேடம், செருப்போடயே படுக்கலாம்."
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பெரம்பூர் பஸ் சிக்னலில் நிற்கிறது.
ஜன்னலோரத்து முகங்கள் எல்லாம் பார்க்க
கைப்பையை வயிற்றின் மேல் வைத்து
பிணம் போல நேராகப் படுத்து
முப்பத்திரண்டாயிரம் ரூபாயைப் பற்றி யோசித்தேன்.

"லேடெக்ஸ் மேடம். ஜிப் போட்ட கவர்.
வெளிய இருக்கிறது உள்ள போகாது,
உள்ள இருக்கிறது வெளிய வராது."
பிறகு முதலாளி பக்கம் ஒரு பார்வை, தாழ்ந்த குரல்:
"ஆனா பெட்ஷீட்ட வாரா வாரம் வெந்நீர்ல போடணும்.
எங்க அக்காவுக்கும் இதேதான்.
மெத்தைய மாத்துனா எல்லாம் போயிடும்னு நம்பிடாதீங்க."

விற்கத் தெரியாத பையன்.
அதற்காகவே வாங்கினேன்.

பழைய மெத்தை மாடிப்படியில் இறங்கும்போது
வாங்கிய நாளைவிடக் கனத்தது.
இத்தனை வருட வியர்வை,
சாரல் அடித்த டிசம்பர்களில் நனைந்து
காய்ந்ததாகப் பேர்பண்ணிய தேமல்,
ஒரு மூலையில் காணாமல் போயிருந்த கம்மலின் திருகு.
குப்பை வண்டிக்காரர் தொட மாட்டேன் என்றார்.
கேட் ஓரம் சாய்த்துவைத்தேன்.

வாட்ச்மேன் ஏகாம்பரம் கேட்டார்,
"தூக்கித்தானே போடப் போறீங்க?"

சொன்னேன். உண்ணி, தோல், ஈரம், எல்லாம்.
கையைக்கூட நீட்டிக் காட்டினேன்,
ஏழாம் எண் மறைந்துபோயிருந்தது.
பொறுமையாகக் கேட்டுவிட்டு
"கடிக்குமாம்மா?" என்றார்.
கடிக்காது.
"அப்ப கொசுவுக்கு இது எவ்வளவோ மேல்."
மோட்டார் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார்.
உங்களுக்குத் தும்மல் உண்டா என்று
நான் கேட்பதற்குள்
கதவு சாத்தியாகிவிட்டது.

புது மெத்தையில் ரப்பர் வாடை.
மூன்று நாள் காற்றாட விடச் சொல்லியிருந்தான் சகாயம்.
அது கட்டிலில் மல்லாந்து கிடக்க
நான் கீழே பாயில்,
டைல்ஸ் இடுப்பை விசாரித்துக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்குக் கீழிருந்து குறட்டை.
அடுத்தது தும்மல் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்,
வந்தால் என்ன செய்வேன் என்று தெரியாமலே.

வாசலில் ஒரு கார் ஹார்ன் அடித்தது.
மறுபடி அடித்தது.
குறட்டை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது ஹார்னுக்கு
நான்தான் இறங்கிப் போய்க்
கேட்டைத் திறந்தேன்.